ஓடு தெரிந்தால் 'ரன்' பாதி தெரிந்த மாதிரி

நீடாமங்கலம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் சாயங்கால நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பாலிடெக்னிக் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு அலைகிறவர்கள். மீதிப் பேர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குக் கிளம்பக் காத்திருப்பவர்கள். யார் புதிதாக வந்தாலும் முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு வினைச்சொல்தான்: 'ரன்'.

"இது ஒண்ணாங்கிளாஸ்லயே படிச்சதுதானே சார்" என்பார்கள். படித்ததுதான். ஆனால் காலால் ஓடுவது என்ற ஒரு பொருளோடு அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிக இடம் பிடித்த சொல் 'செட்'. அதன் பிறகு செய்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் கொடுத்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். தமிழ் பேசுகிறவருக்கு அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அதை எடுத்து வெளியே வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: உங்கள் ஊரில் என்னென்ன ஓடுகிறது?

நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை உங்கள் வீட்டிலும் தெருவிலும் 'ஓடுது' என்று எதையெல்லாம் சொல்கிறீர்களோ, அத்தனையையும் எழுதுங்கள். அகராதி பார்க்கக் கூடாது. ஆங்கிலமும் வேண்டாம், இப்போதைக்குத் தமிழிலேயே இருக்கட்டும்.

வடுவூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்த பட்டியல் இது: வாய்க்காலில் தண்ணி ஓடுது. போர் மோட்டார் ஓடுது. ஃபேன் ஓடுது. கடிகாரம் ஓடுது. மன்னார்குடி பஸ் ஓடுது. டிவியில் சீரியல் ஓடுது. மாமா கடை நல்லா ஓடுது. ஏதோ குடும்பம் ஓடுது. மனசுல ஒண்ணும் ஓடல.

இதில் தண்ணீர், மோட்டார், ஃபேன், கடிகாரம், பஸ் ஐந்தும் அப்படியே 'ரன்'னுக்குப் போய்விடும். 'த மோட்டார் இஸ் ரன்னிங்', 'த பஸ் ரன்ஸ் எவ்ரி டே'. யோசிக்கவே வேண்டாம். மற்ற நான்கும் போகாது. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

இதோடு, தமிழ் பேசும்போதே வாயில் புழங்குகிற 'ரன்'களையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்கப் போனால் 'ரன்னிங் கண்டிஷன்ல இருக்கா' என்று கேட்கிறோம். 'ரன்னிங் பஸ்ல ஏறாதடா' என்று திட்டுகிறோம். காலேஜில் 'ரன்னிங் நோட்ஸ்' எடுக்கிறோம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் 'புரோகிராம் ரன் ஆகுது' என்கிறார்கள். இவற்றில் பலவும் ஆங்கிலப் பொருளிலேயே நம்மிடம் வந்து சேர்ந்தவை.

இரண்டாம் படி: மூன்று வடிவம்

இது சின்ன வேலை. இப்போது நடப்பது 'ரன்', நேற்று நடந்தது 'ரேன்', 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' பக்கத்தில் வந்தால் திரும்பவும் 'ரன்'. 'ஹேஸ் ரேன்' என்று எழுதினால் தப்பு. 'ரன்னிங்' எழுதும்போது 'என்' என்ற எழுத்து இரண்டு தடவை வரும். அவ்வளவுதான், மேலே போகலாம்.

மூன்றாம் படி: ஓடுவதும் ஓட்டுவதும்

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர். அவருடைய அப்பா லாரி டிரைவர். வெளியூரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். 'மை ஃபாதர் ரன்ஸ் எ லாரி' என்று சொல்லியிருக்கிறார். "எத்தனை லாரி?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. அப்பா ஓட்டுவது ஒரு லாரிதானே என்று 'ஒன்லி ஒன் சார்' என்றிருக்கிறார். அப்புறம் அவர் பூர்த்தி செய்திருந்த படிவத்தைப் புரட்டிப் பார்த்தால் அப்பாவின் தொழில் 'டிரைவர்' என்று இருக்கிறது. லாரி ஓனர் என்று வாயால் சொல்லிவிட்டு டிரைவர் என்று ஏன் எழுதியிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பிக்குக் கேள்வியே புரியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து என்னிடம், "அப்பா லாரி ஓட்டுறார்னுதான் சார் சொன்னேன். பொய் சொன்ன மாதிரி பாத்தாங்க" என்றார். குரல் கம்மிப்போயிருந்தது. ஒரு சொல்லால் ஒரு பிள்ளை பொய்யனாகத் தெரிய நேர்ந்ததே என்று எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. முதல் வாரப் பாடமாக 'ரன்'னை வைத்தது அதற்குப் பிறகுதான்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். தானே செய்வது ஓடு, இன்னொன்றைச் செய்ய வைப்பது ஓட்டு. ஆடு-ஆட்டு, உருள்-உருட்டு எல்லாம் இந்த வகைதான். தமிழ் இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருந்தது. ஓடுவதற்கும் பாய்வதற்கும் 'ரின்னன்' என்று ஒரு சொல், ஓடச் செய்வதற்கு 'ஏர்னன்' என்று இன்னொரு சொல். நாளாக ஆக இரண்டும் கலந்து 'ரன்' என்ற ஒரே சொல்லாகிவிட்டன. ஆங்கிலத்துக்கு உறவுமொழியான ஜெர்மனில் இன்றைக்கும் தண்ணீர் ஒழுகி ஓடுவதற்கு 'ரின்னென்' என்றும், ஆள் ஓடுவதற்கு 'ரென்னென்' என்றும் தனித்தனியாகச் சொல்கிறார்கள்.

ஆக, ஆங்கிலத்தில் ஓடு, ஓட்டு இரண்டுக்கும் ஒரே சொல். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'ரன்'னுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். எதுவும் வராவிட்டால், அல்லது இடம், நேரம் வந்தால், அது ஓடு. நேராக ஒரு பொருளின் பெயர் வந்து உட்கார்ந்தால் அது ஓட்டு அல்லது நடத்து. 'த மெஸ் ரன்ஸ் டில் டென்' என்றால் மெஸ் பத்து மணி வரை நடக்கிறது. 'மை ஆன்ட் ரன்ஸ் எ மெஸ்' என்றால் அத்தை மெஸ் நடத்துகிறார். 'ஷி ரேன் டூ மைல்ஸ்' மாதிரி தூரம் வந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது, அது பழைய ஓட்டம்தான்.

ஓட்டு என்று வரும்போது ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூடம், கடை, பஸ் சர்வீஸ் என்று நிர்வாகம் பண்ணுவதற்குத்தான் 'ரன்'. ஸ்டியரிங் பிடித்து ஓட்டினால் 'டிரைவ்'. சைக்கிள், பைக், குதிரை மேல் உட்கார்ந்து ஓட்டினால் 'ரைடு'. ஏர் ஓட்டினால் 'ப்ளவ்'. மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அதுவும் 'டிரைவ்'தான். அந்தத் தம்பி 'மை ஃபாதர் டிரைவ்ஸ் எ லாரி' என்று சொல்லியிருந்தால் போதும்.

பம்ப்செட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு. நாம் 'மோட்டார் போடு' என்போம். அதற்கு 'ஸ்விட்ச் ஆன்'. 'மும்முனை கரண்ட் வந்ததும் ரெண்டு மணி நேரம் ஓடவிட்டேன்' என்று சொல்ல வேண்டுமானால் 'ஐ ரேன் த மோட்டார் ஃபார் டூ அவர்ஸ்'. போடுவது ஒரு நொடி வேலை, அதற்கு 'ரன்' வராது. ஓடவிடுவது நேரம் பிடிக்கும் வேலை, அதற்கு வரும்.

நான்காம் படி: தண்ணீரை வைத்துப் பழகுங்கள்

டெல்டாக்காரருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள். அது கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாற்றுத் தண்ணீர் எங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடியும் பிரியும். கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகும். இத்தனை தூர ஓட்டத்தையும் 'ரன்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். ஆனால் எந்த வடிவத்தில் சொல்கிறோம் என்பதில் பொருள் மாறும்.

'காவிரி ஓடுது' என்று மே மாதம் யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மணல்தானே கிடக்கிறது? ஆனால் ஆங்கிலத்தில் 'த காவிரி ரன்ஸ் ஈஸ்ட்' என்பது மே மாதத்திலும் சரிதான். ஆறு எந்தப் பக்கம் போகிறது என்ற வழியைத்தான் அந்த 'ரன்ஸ்' சொல்கிறது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. அதேபோல 'த கெனால் ரன்ஸ் த்ரூ தஞ்சாவூர்' என்றால் கல்லணைக் கால்வாய் தஞ்சாவூர் வழியாகப் போகிறது என்று பொருள். சாலை, மின்கம்பி, வேலி எல்லாவற்றுக்கும் இந்த 'ரன்ஸ்' வரும். தமிழில் சாலை 'போகும்', ஆங்கிலத்தில் 'ரன்' பண்ணும்.

இன்றைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல 'ரன்னிங்' வேண்டும். 'வாட்டர் இஸ் ரன்னிங் இன் த கெனால்.' இரு கரையும் தொட்டுக்கொண்டு போனால் 'த கெனால் இஸ் ரன்னிங் ஃபுல்'. தண்ணீர் நின்று வறண்டுவிட்டால் 'த கெனால் ஹேஸ் ரன் டிரை'. இந்த மூன்று வாக்கியத்தையும் ஒரு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இலக்கணப் புத்தகத்தில் காலங்களைப் பிரித்துப் படிப்பதைவிட இது மனதில் நிற்கும்.

பஸ்ஸுக்கும் இதே கணக்குதான். 'டஸ் திஸ் பஸ் ரன் ஆன் சண்டேஸ்?' என்றால் வழக்கத்தைக் கேட்கிறோம். 'த ட்ரெயின் இஸ் ரன்னிங் லேட்' என்றால் இன்றைக்குத் தாமதம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இரண்டாவது வாக்கியம் சொல்லிக் கொடுக்காமலே வரும்.

ஐந்தாம் படி: பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள்

'அவுட்', 'இன்டூ', 'ஓவர்' மாதிரி சின்னச் சொல் ஒன்று பின்னால் ஒட்டினால் 'ரன்' ஆளே மாறிவிடும். நாளைக்கு ஒன்றுதான். ஒரே நாளில் பத்து வேண்டாம், எல்லாம் குழம்பிவிடும்.

'ரன் அவுட்' என்றால் பையன்கள் உடனே கிரிக்கெட் என்பார்கள். அது வேறு. அங்கே ஆள் அவுட். இங்கே 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் டீசல்', எங்களிடம் டீசல் தீர்ந்துவிட்டது. டீசலையே முன்னால் வைத்தால் 'ஆஃப்' போய்விடும்: 'த டீசல் ஹேஸ் ரன் அவுட்'. இதற்குப் பக்கத்திலேயே 'ரன்னிங் லோ' இருக்கிறது. குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று பொருள். சம்பா நேரத்தில் சொசைட்டியில் யூரியா நாலு மூட்டைதான் கிடக்கிறது என்றால் 'ரன்னிங் லோ ஆன் யூரியா'. அதுவும் போய்விட்டால் 'ரன் அவுட்'. வெளிநாட்டில் ஸ்டோர் வேலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. ஒன்றைக் கேட்டால் மேலதிகாரி நாளைக்கு ஆர்டர் போடுவார், இன்னொன்றைக் கேட்டால் இப்போதே வேலையை நிறுத்துவார்.

'ரன் இன்டூ' மூன்று விதம். ஒரு ஆளைத் தற்செயலாகப் பார்ப்பது முதலாவது. 'ஐ ரேன் இன்டூ மை டீச்சர்' என்று சொன்னபோது ஒரு பையன் "வாத்தியார் மேல மோதிட்டீங்களா சார்?" என்று பதறிவிட்டான். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் எதேச்சையாகப் பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டாவது, வண்டி மோதுவது: 'த வேன் ரேன் இன்டூ எ ட்ரீ'. மூன்றாவது, தொகை: 'த காஸ்ட் ரன்ஸ் இன்டூ லேக்ஸ்', செலவு லட்சக்கணக்கில் போகும்.

'ரன் ஓவர்' என்றால் சக்கரம் மேலே ஏறிவிட்டது. மோதியதற்கும் ஏறியதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. விபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் இந்த இரண்டையும் கவனமாகப் பிரித்து எழுதுங்கள். கூட்டம் நேரத்தைத் தாண்டிப் போனாலும் 'த மீட்டிங் ரேன் ஓவர்' என்பார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

மற்றவை சுருக்கமாக: 'ரன் ஆன் டீசல்', டீசலில் ஓடுவது. 'ரன் அப் எ டெட்', கடன் ஏற்றிக்கொள்வது. 'ரன் டவுன்', பேட்டரி இறங்கிப்போவது. ஆளைப் பற்றி 'ரன் டவுன்' என்றால் உடம்பு அசந்துபோயிருப்பது. 'ரன் த்ரூ', ஒரு தடவை வேகமாகப் பார்த்துவிடுவது. 'ரன் அவே', ஓடிப்போவது. வீட்டைவிட்டு ஓடிப்போனார்கள் என்பதும் இதில் அடங்கும்.

ஆறாம் படி: ஒட்டாத இடங்கள்

இப்போது அந்தப் பெண் எழுதியதில் மிச்சமிருந்த நான்குக்கு வருவோம். 'சீரியல் ஓடுது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'த சீரியல் இஸ் ஆன்' என்பதுதான் இயல்பு. ஆனால் நூறு நாள் ஓடிய படத்துக்கு 'ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்' சரி. 'கடை நல்லா ஓடுது' என்பதை 'த ஷாப் ரன்ஸ் வெல்' என்று சொன்னால் நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். நாம் சொல்ல வந்தது வியாபாரம். அதற்கு 'இஸ் டூயிங் வெல்'. 'குடும்பம் ஓடுது' என்பதற்கு 'வி ஆர் மேனேஜிங்'. 'மனசுல ஒண்ணும் ஓடல' என்பதற்கு 'ஐ கான்ட் திங்க்' என்றால் போதும்.

'பொழுது ஓடுது'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'டைம் இஸ் ரன்னிங் அவுட்' என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். அது நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் முடி என்கிற அவசரப் பேச்சு. பொழுது போவதற்கு அது சரிப்படாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் 'ரன்' வரும், தமிழில் ஓடு வராது. மூக்கு ஒழுகினால் 'மை நோஸ் இஸ் ரன்னிங்'. காய்ச்சல் அடித்தால் 'ஹி இஸ் ரன்னிங் எ ஃபீவர்'. சர்க்கரை பரம்பரையாக வருகிறது என்று டாக்டரிடம் சொல்ல 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி'. திருபுவனத்தில் பட்டுப்புடவை எடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் 'வில் த கலர் ரன்?' என்று கேட்டால், சாயம் போகுமா என்று கேட்கிறார். கடையில் நிற்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தேர்தலுக்கு அமெரிக்காவில் 'ரன்' என்பார்கள், இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்' என்பார்கள். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரும்பாலும் 'கன்டெஸ்ட்' என்றிருக்கும். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார் என்று எழுத அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: 'டிரை ரன்'னும் ஒரு வாரப் பயிற்சியும்

போர் போட்ட வீட்டில் 'டிரை ரன்' தெரியாதவர்கள் குறைவு. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினால் சூடேறி காயில் எரிந்துவிடும். அதனால்தான் பேனல் போர்டில் டிரை ரன் பாதுகாப்பு வைக்கிறார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் அது மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் 'லெட்ஸ் டூ எ டிரை ரன் டுமாரோ' என்று மேனேஜர் சொன்னால் பதறாதீர்கள். நாளைக்கு ஒத்திகை பார்ப்போம் என்கிறார். எரிந்துபோகும் ஓட்டமும் முன்கூட்டிப் பார்க்கும் ஓட்டமும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில்தான் இருக்கின்றன. பேசுகிற இடத்தை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இனி உங்கள் முறை. ஏழு நாள், நாளைக்கு ஒரு வாக்கியம். அன்றைக்கு நீங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். முதலில் தமிழில் எழுதுங்கள். அது ஓடுவதா, ஓட்டுவதா, நடத்துவதா, தீர்வதா, ஒழுகுவதா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதி, வாய்விட்டு மூன்று தடவை சொல்லுங்கள். ஏழு வாக்கியத்தில் குறைந்தது இரண்டு தண்ணீரைப் பற்றியும், குறைந்தது ஒன்று 'ரன் அவுட் ஆஃப்' வைத்தும் இருக்கட்டும்.

நோட்டுத் திருத்தும்போது எல்லோரிடமும் பார்க்கிற ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். 'ஓடுது' என்று தமிழில் ஒரே சொல்லில் முடிந்துவிடுவதால் ஆங்கிலத்திலும் 'மோட்டார் ரன்னிங்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ரன்னிங்' தனியாக நிற்காது, முன்னால் 'இஸ்' அல்லது 'ஆர்' வேண்டும். வடுவூர்ப் பெண்ணின் முதல் நாள் வாக்கியம் 'வாட்டர் ரன்னிங் இன் அவர் கெனால், மை ஃபாதர் ஸ்டாண்டிங் அண்ட் லுக்கிங்' என்று இருந்தது. இரண்டு இடத்தில் 'இஸ்' மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.